குறுமுனி என்னும் பேரொளி

லண்டனில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. பாரிஸ், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் எங்குமே தெரியாது. வடக்கே 37 பாகை அட்சரேகையைத் தாண்டிவிட்டால் இந்த விண்மீன் தொடுவானத்துக்கு மேலே தலைகாட்டுவதே இல்லை. டெல்லியில் அது ஏறும் உச்சி உயரமே 9 பாகைக்குள்தான். அங்கே குளிர்காலப் பனிமூட்டமும் தூசியும் அதை விழுங்கிவிடும். சென்னையில் 24 பாகை ஏறுகிறது. மதுரையில் 27. கன்னியாகுமரியில் 29. இரவு வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீன், தெற்குப் பார்த்த ஒரு மொட்டைமாடி இருந்தால் போதும் என்கிற அளவுக்கு நமக்கு வசதியாக நிற்கிறது. வானியல் நூல்களில் அதற்குக் கனோபஸ் என்று பெயர். நமக்கு அது அகத்தியர்.

எனக்கு இந்த விண்மீன்மேல் அப்படி ஒரு பித்து. வீட்டுக்கு யார் வந்தாலும், தை, மாசி மாதங்களாக இருந்தால், சாப்பாடு முடிந்த கையோடு மாடிக்கு அழைத்துப்போய்விடுவேன். மாசி பிறக்கும் நாள்களில் இரவு ஒன்பது மணி வாக்கில் நேர் தெற்கே திரும்பி நில்லுங்கள். உயரே, கண்ணைப் பறிக்கும் வெள்ளையாகத் தெரிவது சிரியஸ். வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீன் அதுதான். அதிலிருந்து பார்வையை அப்படியே தெற்குத் தொடுவானத்தை நோக்கி இறக்குங்கள். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. சிரியஸிலிருந்து மூன்றரை முட்டி இறங்கினால், அக்கம்பக்கத்தில் போட்டிக்கு ஆளே இல்லாத ஒரு வெளிச்சம் தனியே நிற்கும். அதுதான். தென்னந்தோப்பின் தலைக்குச் சற்று மேலே, செல்போன் கோபுரத்துக்குப் பக்கத்தில், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் புறம் என்று ஒவ்வொருவர் மாடியிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் பிறகு தேடவே வேண்டாம்.

பார்த்தவர்கள் முதலில் கேட்பது, ‘விமானமா?’ என்றுதான். அப்படித் துடிக்கும். தாழ்வாக இருப்பதால் அதன் ஒளி உச்சிவானத்து விண்மீனின் ஒளியைவிட இரண்டு மடங்குக்கும் மேலான காற்றைக் கடந்து வருகிறது. காற்றின் சூடும் குளிர்ச்சியும் அதை நொடிக்கு நொடி வளைக்கின்றன. ஒரு நல்ல பைனாகுலரை எடுத்துக்கொண்டு, குவியத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிட்டுப் பாருங்கள். புள்ளி ஒரு சிறு வட்டமாக விரியும். அந்த வட்டத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம், மறுபடி சிவப்பு என்று நிறங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தைகள் கையில் இதைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. தொலைநோக்கி வேண்டும், இருட்டுக்காடு வேண்டும், கருவி வேண்டும் என்று விண்மீன் பார்ப்பதைப் பெரிய காரியமாக நினைப்பவர்களுக்கெல்லாம் நான் காட்டுவது இதைத்தான். சென்னை விளக்கு வெளிச்சத்துக்கு நடுவிலும் இது அசராமல் தெரியும்.

இப்போது என் மனதில் இருக்கும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ‘இரண்டாவது’ என்று சொல்லிவிட்டேனே, அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. சிரியஸ் முதலிடத்தில் இருப்பதற்குப் பெரும் காரணம் அது நம் பக்கத்துவீடு என்பதே. அதன் தூரம் 8.6 ஒளியாண்டுகள். கனோபஸ் இருப்பதோ சுமார் 310 ஒளியாண்டுகளுக்கு அப்பால்; அதாவது 36 மடங்கு தொலைவில். அவ்வளவு தள்ளி நின்றுகொண்டு, சிரியஸின் ஒளியில் ஏறத்தாழப் பாதியை நம் கண்ணுக்குள் செலுத்துகிறது என்றால் அதன் உண்மையான வெளிச்சம் எப்படி இருக்க வேண்டும்! சிரியஸ் நம் சூரியனைப்போல் 25 மடங்கு ஒளிர்கிறது. கனோபஸ் 10,000 மடங்குக்கும் மேல். சிரியஸ் இருக்கும் இடத்துக்குக் கனோபஸைக் கொண்டுவந்து வைத்தால் இரவில் நம் நிழல் தரையில் விழும்; பகலிலும் அது தெரியும்; வெள்ளிக் கோள் அதன் முன்னால் மங்கிப்போகும்.

அளவும் அப்படித்தான். குறுக்களவில் அது சூரியனைப்போல் 70 மடங்குக்கு மேல். சூரியனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தால் அதன் விளிம்பு புதன் கோளின் பாதையை உரசுகிற தூரத்துக்கு வந்துவிடும். மேற்பரப்பு வெப்பம் சுமார் 7,400 கெல்வின், சூரியனுக்கு 5,770தான். ஆகவே நிறம் வெள்ளை. நம் ஊரிலிருந்து தாழ்வாகப் பார்க்கும்போது காற்று கொஞ்சம் மஞ்சள் பூசிக் கொடுக்கிறது. எடை சூரியனைப்போல் எட்டு, ஒன்பது மடங்கு. இவ்வளவு எடையுள்ள விண்மீன்கள் எரிபொருளை அவசரமாகத் தீர்த்துவிடுகிறவை. நம் சூரியனுக்கு 460 கோடி வயது, இன்னும் அதே அளவு ஆயுள் இருக்கிறது. கனோபஸ் பிறந்ததே டைனோசர்கள் பூமியிலிருந்து அழிந்துபோன பிறகுதான். அதற்குள் மையத்து ஹைட்ரஜனை முடித்து, ஊதிப் பெருத்து, அடுத்த கட்டத்தில் நிற்கிறது. அதன் முடிவு வெடிப்பா, வெண்குறு விண்மீனாகச் சுருங்குவதா என்பது சரியாக அந்த எல்லைக்கோட்டில் தொங்குகிறது. எட்டு, ஒன்பது என்னும் அந்த எடைதான் இரண்டுக்கும் நடுவிலிருக்கும் வரப்பு.

இந்தத் தூரக் கணக்கு நம் கைக்கு வந்ததே சமீபத்தில்தான். தரையிலிருந்து அளந்தவரை, நூறு ஒளியாண்டு என்பதிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் என்பதுவரை ஆளுக்கொரு விடை. ஐரோப்பிய விண்வெளி முகமை 1989இல் ஏவிய ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள்தான் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீனின் இடம் மயிரிழையில் விலகித் தெரியும் அல்லவா, அந்த விலகலை அது வளிமண்டலத்துக்கு வெளியே இருந்து அளந்தது. 310 ஒளியாண்டு என்றால் இன்றிரவு உங்கள் மாடியில் விழும் ஒளி, தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுக்கொண்டிருந்த காலத்தை ஒட்டிக் கிளம்பியது. அச்சுத் தமிழ் தவழ்ந்துகொண்டிருந்த நாளில் புறப்பட்ட வெளிச்சம், இப்போதுதான் வந்து சேர்கிறது. இதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிரியஸின் முதலிடம் நிரந்தரமானதல்ல. விண்மீன்கள் எல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வானத்தின் முதல் விண்மீன் கனோபஸாகவே இருந்தது. சிரியஸ் அருகில் வந்ததால் முந்திக்கொண்டது. அது விலகிப் போனபிறகு, நடுவே வேகா கொஞ்ச காலம் ஆண்டு முடித்ததும், இன்னும் ஏறத்தாழ 4,80,000 ஆண்டுகளில் கனோபஸ் தன் இடத்தைத் திரும்பப் பெற்றுவிடும். கடந்த 40 லட்சம் ஆண்டுகளில் மூன்று முறை அது முதலிடத்தில் இருந்திருக்கிறது. பக்கத்தில் வந்து போகிறவர்கள் வரலாம், போகலாம். தூரத்தில் நின்றே ஆளுகிறது இது.

பெயரின் கதை நீளமானது. கிரேக்கர்கள் சொல்வது, டிராய் போர் முடிந்து மெனலாஸ் மன்னன் திரும்பும்போது எகிப்துக் கரையில் அவனுடைய மாலுமி கனோபஸ் பாம்பு கடித்து இறந்தான், அவன் பெயரில் அங்கே ஒரு நகரம் எழுந்தது, விண்மீனுக்கும் அந்தப் பெயர் வந்தது என்பது. அலெக்சாண்டிரியாவுக்குக் கிழக்கே கடலோரத்தில் அந்த நகரம் உண்மையிலேயே இருந்தது. மாலுமியின் பெயர் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. பழைய வானப்படத்தில் இந்த விண்மீன் ‘ஆர்கோ’ என்னும் மாபெரும் கப்பலின் துடுப்பருகே இருந்தது. அந்தக் கப்பல் கையாள முடியாத அளவுக்குப் பெரிது என்று, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானியலாளர் லக்காயே அதை அடிமரம், பின்தளம், பாய் என்று பிரித்தார். அடிமரப் பங்குக்கு வந்தது கனோபஸ்; ஆல்பா கரினே என்று அட்டவணையில் இருப்பது அதனால்தான். கனோபஸ் என்னும் பெயரையே சர்வதேச வானியல் ஒன்றியம் 2016இல் அதிகாரபூர்வமாக ஏற்றது.

ஆனால் பெயர்ப்பட்டியலைவிட என்னைக் கட்டிப்போடுவது, இந்த விண்மீனை நம்பி மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதே. அரபு நாடுகளில் இது சுஹைல். வளைகுடாவில் ஆகஸ்ட் 24ஆம் தேதி வாக்கில் விடியலுக்கு முன் சுஹைல் எழுந்துவிட்டால் கொடும் வெயிலின் முதுகெலும்பு உடைந்தது என்று கணக்கு. துபாயிலும் தோகாவிலும் வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில் செய்தித்தாள்களில் சுஹைல் பெயர் வந்துவிடும். வெயில் சட்டென்று குறைந்துவிடாது, ஆனால் மனதுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும் என்பார்கள். மக்காவில் காபாவின் நீள அச்சு சுஹைல் உதிக்கும் திசையோடு ஒத்துப்போவதை ஜெரால்டு ஹாக்கின்ஸ், டேவிட் கிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1982இல் எழுதினார்கள். தென் ஆப்பிரிக்காவின் சோதோ மக்களிடம் இதை விடியலில் முதலில் கண்டுவந்து சொல்பவனுக்குத் தலைவன் ஒரு பசுவைப் பரிசளிக்கும் வழக்கம் இருந்தது. நியூசிலாந்தின் மாவோரிகளுக்கு இது அத்துத்தாகி; பால்வெளிக் கூடைக்குள் மற்ற விண்மீன்களோடு சேராமல் வெளியே தொங்கியது என்று அவர்கள் கதை. உண்மையிலேயே அது பால்வெளிப் பட்டையை விட்டுச் சற்று விலகித்தான் நிற்கிறது! சீனர்கள் இதைத் தென்துருவத்து முதியவர் என்று அழைத்து நீண்ட ஆயுளின் அடையாளமாக வணங்கினார்கள். வட சீனத்திலிருந்து பார்ப்பது மிக அரிது. அதனால் கண்ணில் பட்டாலே பாக்கியம்.

நம்மிடம் வருவோம். பரிபாடலில் நல்லந்துவனார் பாடிய 11ஆம் பாடல் வையையின் வெள்ளத்தைப் பற்றியது. வெள்ளத்தைச் சொல்லுமுன் அன்றைய வானத்தைச் சொல்கிறார். எந்தக் கோள் எந்த ராசியில் என்று அடுக்குகிறார். அந்த அடுக்கில் பொதியிலின் முனிவன் பெயரால் இந்த விண்மீனும் வருகிறது. மிதுனத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் சூரிய சித்தாந்தம் அகஸ்தியருக்குக் கொடுக்கும் இடமும் மிதுனத்தின் கடைசிதான். ராசி வட்டத்திலிருந்து தெற்கே 80 பாகை என்கிறது. இன்றைய அளவு 76 பாகை. கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லாத காலத்தில் இவ்வளவு நெருங்கியிருக்கிறார்கள். பரிபாடலை முதன்முதலில் இந்தக் கண்ணோடு படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மதுரையில் ஒருவர் ஆற்றையும் வானத்தையும் ஒரே மூச்சில் பார்த்திருக்கிறார்!

ஆற்றுக்கும் இந்த விண்மீனுக்கும் உள்ள உறவு வடமொழியிலும் பலமாக இருக்கிறது. வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் ஒரு முழு அத்தியாயத்தை அகஸ்தியரின் உதயத்துக்கு ஒதுக்கினார். காளிதாசர் ரகுவம்சத்தின் நான்காம் சர்க்கத்தில், குடத்தில் பிறந்தவரான அகஸ்தியர் உதித்ததும் நீர் தெளிந்தது என்று சரத்காலத்தை வருணிக்கிறார். காரணம் எளிது. வட இந்தியாவில் இந்த விண்மீன் விடியலில் மீண்டும் தோன்றுவது தென்மேற்குப் பருவமழை ஓய்கிற காலத்தில். மழை நின்றால் ஆற்றுக் கலங்கல் அடியில் படியும், நீர் தெளியும். கடலையே குடித்த முனிவருக்கு நீரைத் தெளியவைப்பது பெரிய காரியமா! புராணமும் பருவமும் இப்படி ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காணும்போது அதைக் கட்டியவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

அகத்தியர் விந்தியத்தை அடக்கிவிட்டுத் தெற்கே வந்தார், திரும்பிப் போகவில்லை என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குள் ஒளிந்திருக்கும் வானியலைப் பலர் யோசித்திருக்கிறார்கள். ஹைதராபாத் வானியலாளர் கே.டி. அப்யங்கர் 2005இல் இதைப் பற்றி எழுதினார். பூமியின் அச்சு பம்பரம்போலத் தலையாட்டிக்கொண்டே சுற்றுகிறது. ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 26,000 ஆண்டுகள். அதனால் ஒவ்வொரு விண்மீனும் ஏறும் உயரம் காலப்போக்கில் மாறுகிறது. பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் கனோபஸ் வானின் தென்துருவத்தை ஒட்டி இருந்தது. அப்போது இந்தியப் பெருநிலத்தில் அதைப் பார்க்கச் சென்னை அட்சரேகைக்குத் தெற்கே வந்தாக வேண்டும். பிறகு நூற்றாண்டு நூற்றாண்டாக அது வடக்கே இருப்பவர்களுக்கும் ஏறித் தெரியத் தொடங்கியது. தக்காணம், விந்தியம், கங்கைச் சமவெளி என்று ஒவ்வொரு நிலமாக. இன்னும் 12,000 ஆண்டுகள் போனால் அது மறுபடியும் தென்துருவத்துக்குச் சுமார் 10 பாகை அருகில் போய்விடும். அன்று கன்னியாகுமரியிலிருந்துகூட அது கடலை உரசிக்கொண்டுதான் தெரியும். வடநாட்டார் அடியோடு இழந்துவிடுவார்கள். நாம் வாழ்வது அகத்தியர் நன்றாக மேலே ஏறி நிற்கும் காலத்தில்.

பொதிகையின் அடிவாரத்தில் இதைப் பார்க்கவேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை இருந்தது. வரைபடத்தில் திசைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த விண்மீன் நம் ஊரில் மறைவது சரியான தெற்கிலும் அல்ல, மேற்கிலும் அல்ல. தென்மேற்கில், தெற்கு சற்றுத் தூக்கலாக. அந்தத் திசையில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைப் பக்கம் வரவேண்டுமென்றால் எங்கே நிற்க வேண்டும்? கோட்டைப் பின்னோக்கி இழுத்தால் அது தென்காசி மாவட்டத்தில் ஆழ்வார்குறிச்சிக்கும் கடையத்துக்கும் இடைப்பட்ட வயல்வெளியில் போய் முடிகிறது. கடையம்! பாரதியார் சில காலம் வாழ்ந்த, செல்லம்மாளின் ஊர்.

ஒரு சித்திரை மாதத்தில் போனேன். வெயில் தாழ்ந்து, வயல் வரப்பில் சூடு மட்டும் மிச்சமிருந்த முன்னிரவு. மலைத்தொடர் தென்மேற்கில் கரிய சுவராக நின்றது. அதற்கு மேலே ஒரு முட்டி உயரத்தில் அகத்தியர். ஒன்பது மணியைத் தாண்டத் தாண்ட இறங்கினார். வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், ‘என்ன சார் பாக்கீய?’ என்றார். ‘அண்ணாச்சி, அந்தா மலைக்கு மேல தனியா மின்னுதுல்லா, அதுக்கு அகத்தியர்னு பேரு. இன்னும் கொஞ்ச நேரத்துல மலைக்குள்ள போயிரும்’ என்றேன். அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். ‘மலையில இருக்காருன்னுதான் கேட்டிருக்கேன். மேல இருக்காருன்னு யாரும் சொல்லலியே’ என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டுப் பேரனை வரச்சொன்னார். பையன் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது விண்மீன் மலை விளிம்பைத் தொட்டிருந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. மெல்ல மங்கவில்லை; இருந்தது, அடுத்த கணம் இல்லை. விண்மீன் அவ்வளவு சிறிய புள்ளி என்பதால் மலைமுகடு அதை ஒரே நொடியில் மறைத்துவிடுகிறது. பையன் ‘திரும்ப எப்ப வரும்?’ என்று கேட்ட குரலில் இருந்த ஆவலுக்காகவே அந்தப் பயணத்தை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

விண்வெளிக் கலங்களும் இந்த விண்மீனைப் பார்த்து வழிகேட்கின்றன என்பதை அந்தப் பையனுக்குச் சொன்னேன், நம்பவில்லை. ஆனால் அது உண்மை. 1964 நவம்பர் 28இல் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மாரினர் 4 கலத்துக்கு ஒரு சிக்கல்: சூரியனைப் பார்த்துக்கொண்டே போகலாம், ஆனால் சூரியன் ஒன்றை மட்டும் பிடித்தால் கலம் அந்த அச்சில் உருண்டுகொண்டே இருக்கும். உருளாமல் நிற்க, சூரியனுக்கு ஏறத்தாழச் செங்குத்தான திசையில் இன்னொரு பிடிமானம் வேண்டும். அது பிரகாசமாகவும் இருக்கவேண்டும், கோள்கள் ஓடும் பாதையைவிட்டு விலகியும் இருக்கவேண்டும். ராசி வட்டத்திலிருந்து 76 பாகை தள்ளி நிற்கும் கனோபஸ் அதற்கென்றே செய்துவைத்ததுபோல் இருந்தது. சூரிய சித்தாந்தக்காரர்கள் குறித்துவைத்ததும் ஏறத்தாழ இதே தூரம்தான்! கலத்தின் உணரி முதலில் வேறு விண்மீன்களைப் பிடித்துக்கொண்டு தடுமாறியது. கலத்திலிருந்து உதிர்ந்த தூசு வெயிலில் மின்னியும் அதை ஏமாற்றியது. பிறகு கனோபஸைப் பற்றிக்கொண்டது. 1965 ஜூலையில் செவ்வாயை அருகிலிருந்து எடுத்த முதல் படங்களை அது அனுப்பியது. 1977இல் கிளம்பிய வாயேஜர் கலங்களிலும் விண்மீனைப் பற்றும் கருவிக்குக் ‘கனோபஸ் டிராக்கர்’ என்றே பெயர். ஒட்டகக்காரர்களுக்கும் ஓடக்காரர்களுக்கும் திசைகாட்டிய விளக்கு, சூரியக் குடும்பத்தின் விளிம்புவரை போன கலங்களுக்கும் திசைகாட்டியிருக்கிறது.

பூமியை அளக்கவும் இது உதவியது. கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் பொசிடோனியஸ் என்ற கிரேக்க அறிஞர், ரோட்ஸ் தீவில் கனோபஸ் தொடுவானத்தை உரசிவிட்டு மறைகிறது, அலெக்சாண்டிரியாவிலோ வட்டத்தில் 48இல் ஒரு பங்கு உயரம் ஏறுகிறது என்று கவனித்தார். இரண்டு ஊருக்கும் இடைத்தூரம் 5,000 ஸ்டேடியா என்று கொண்டு, பூமியின் சுற்றளவு 2,40,000 ஸ்டேடியா என்றார். அவருடைய கோணமும் தூரமும் துல்லியமில்லை, வழி அருமையானது. அதே வழியில் நாம் அவரை மிஞ்சலாம். சென்னை வடக்கே 13.1 பாகை, கன்னியாகுமரி 8.1 பாகை, சரியாக 5 பாகை வித்தியாசம். ஒரே இரவில் விண்மீன் உச்சிக்கு வரும்போது இரண்டு ஊரிலும் ஒரு கோணமானியில் தூக்குநூல் கட்டி அளந்தால் இந்த 5 பாகை கிடைக்கும். முழு வட்டத்தில் அது 72இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் நேர் வடக்கு தெற்குத் தூரம் சுமார் 555 கிலோமீட்டர். 72ஆல் பெருக்குங்கள்: 39,960. பூமியின் உண்மையான சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டியது! இரண்டு பள்ளிகள், இரண்டு கோணமானிகள், இரண்டு ஈயக்குண்டுகள், ஒரு போன் அழைப்பு, இவ்வளவுதான் செலவு. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் யாராவது இதைச் செய்தால் நான் பயணச் செலவு போட்டுக்கொண்டு வந்து நிற்கத் தயார்.

கடையத்துப் பையனின் கேள்விக்கு விடை: சித்திரை முடிந்து வைகாசியில் விண்மீன் மாலை வெளிச்சத்துக்குள் போய்விடும். ஆனி முழுக்கக் காணாது. ஆடியின் பிற்பாதியில், கிழக்கு வெளுக்குமுன், தென்கிழக்கில் மறுபடி எழும். ஆவணி பிறக்கும்போது விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடுவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் நிற்கும். திருச்செந்தூர், தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்களுக்கு மறைப்பே கிடையாது. எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஒவ்வோர் ஆடியிலும் அதை முதலில் பார்த்துப் போன் செய்பவருக்கு அரைக் கிலோ திருநெல்வேலி அல்வா என்பது ஏற்பாடு. சோதோ தலைவனின் பசுவுக்கு ஈடாகாதுதான். ஆனாலும் மழை மேகம் சூழ்ந்த விடியலில் நாலு மணிக்கே எழுந்து கடற்கரைக்குப் போகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அந்தப் பையனின் எண்ணையும் பட்டியலில் சேர்த்தாயிற்று.